மூன்று நாள் அறை

"இந்த உலகத்துல மனுஷனுக்குச் சொந்தம்னு ஒரு துரும்புகூடக் கிடையாது" என்றார் சூப்பர்வைசர்.

அதைச் சொல்லும்போது அவர் ஓர் அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெட்டியைத் தூக்குவதற்காக இரண்டு லோடுமேன்கள் கால்மணி நேரமாகப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.

வீடு காலியாகிக்கொண்டிருந்தது. கட்டில் போய்விட்டது, பீரோ போய்விட்டது, காலண்டர் தொங்கிய இடத்தில் ஒரு வெள்ளைச் சதுரம் மட்டும் மிச்சம். அடுத்தவர் வீட்டைக் காலி செய்து கொடுப்பதையே இருபத்திரண்டு வருஷமாகத் தொழிலாகக் கொண்டவர், இன்று தன் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். தூக்குகிறவர்கள் எல்லாரும் அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள். ஆகவே வேலையைவிட உபதேசம் அதிகமாக நடந்தது.

லோடுமேன்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'சாமியார்'. அது கேலியா மரியாதையா என்பது வைத்தவர்களுக்கே தெரியாது. அவர் மரியாதை என்றே எடுத்துக்கொண்டார். கம்பெனியில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் பாடம் அவர்தான் எடுப்பார். "வீடு மாத்தறப்போ ஜனங்க அழுவாங்க. ஒடிஞ்ச நாற்காலியைக் கட்டிப் பிடிச்சுக்குவாங்க. உன் தோள்மேல ஏர்றது அவங்க ஞாபகம் இல்ல, வெறும் இருபது கிலோ. பற்று வெச்சா இடுப்பு போயிடும். புரியுதா?" என்பார். இடுப்பைப் பற்றிய பகுதி எல்லாருக்கும் புரியும்.

இன்று மதியம் மூன்று மணிக்குக் கிடங்கில் கூட்டம். எல்லாக் கிளைகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். முதலாளி அவரைப் பயிற்சித் தலைவராக அறிவிக்கப் போகிறார். வீடு மாற்றுகிற அன்றைக்கா கூட்டம் என்று முதலாளி தயங்கியபோது, "பற்று இருக்கறவனுக்குத்தான் முதலாளி வீடு மாத்தறது ஒரு வேலை" என்று சொல்லி, அவரேதான் தேதியைக் கொடுத்திருந்தார்.

"ஏங்க, எந்திரிங்க. பசங்க எவ்வளவு நேரம் நிப்பாங்க?" என்றாள் மனைவி.

"இரு. இவங்களுக்கு ஒரு விஷயம் சொல்லிட்டிருக்கேன்."

"என்ன, சாவியம்மா கதையா?"

சாவியம்மா கதைதான். அவர் வகுப்பில் தவறாமல் இடம்பெறுகிற கதை. பல வருஷங்களுக்கு முன்னால் வீடு மாற்றிய ஓர் அம்மாள், பதினேழு பெட்டி அனுப்பினேன், பதினாறுதான் வந்தது என்று சொன்னார். பதினேழும் வந்தது என்று அவரே கையெழுத்துப் போட்ட லிஸ்டை இவர் எடுத்துக் காட்டினார். 'அவசரத்துல போட்டேன் தம்பி' என்றார் அந்த அம்மாள். அத்தோடு போனாரா என்றால் இல்லை. ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி, பக்கத்து மருந்துக் கடைக்கு மாத்திரை வாங்க வரும்போது, கிடங்குக்கும் வந்து "பெட்டி வந்துச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவார். அதில் அவர் புருஷனோடு சேர்ந்து நடத்திய தையல் கடையின் பூட்டு இருந்ததாம். சாவி இன்னும் அவர் கைப்பையில் இருக்கிறது.

"கடையை வித்தாச்சு. கதவைப் பேத்தாச்சு. சாவியை வெச்சுக்கிட்டுப் பூட்டைத் தேடறாங்க!" என்று சூப்பர்வைசர் தொடையைத் தட்டினார். "நான் சொன்னேன், அம்மா, போனது போச்சு, விட்டுடுங்க, விட்டாத்தான் நிம்மதின்னு. கேட்டாத்தானே? அதுவும் நம்ம கம்பெனியில பெட்டி தொலைஞ்சுதாம். இருபத்திரண்டு வருஷத்துல ஒண்ணு தொலைஞ்சிருக்கா?"

தொலைந்ததில்லை. கம்பெனியின் எல்லா லாரிகளின் பின்பக்கத்திலும் 'ஒரு பெட்டியும் தொலைந்ததில்லை' என்று எழுதியிருந்தது. வாசகம் சூப்பர்வைசருடையது.

"சரி, இந்தப் பெட்டி எந்தப் பக்கம்ணே?" என்றார் டிரைவர். "புது வீட்டுக்கா, மூணு நாள் ரூமுக்கா?"

மூன்று நாள் அறை என்பதும் சூப்பர்வைசரின் கண்டுபிடிப்பு. வாடிக்கையாளர்கள் வேண்டாம் என்று தள்ளுகிற சாமான்களைக் கம்பெனி உடனே கழித்துவிடாது. கிடங்கின் மூலையில் ஓர் அறையில் மூன்று நாள் வைத்திருக்கும். ஏனென்றால் பாதிப்பேர் திரும்பி வருவார்கள். வருகிறவர் நேரில் வந்து, ரிஜிஸ்டரில் பெயர், வந்த நேரம், உள்ளே என்ன இருக்கிறது என்று மூன்று கட்டத்தையும் நிரப்பிக் கையெழுத்துப் போட்டால்தான் பொருள் கிடைக்கும். அந்த ரிஜிஸ்டரைச் சூப்பர்வைசர் வகுப்பில் நாவலைப் போல வாசிப்பார். ஒரு பல் டாக்டர் கால் ஒடிந்த ஸ்டூலுக்காக ஆறு மணி நேரம் பத்து நிமிஷத்தில் திரும்பி வந்ததுதான் இதுவரை சாதனை. "படிச்ச மனுஷன்! ஆறு மணி நேரம் தாங்கல!" என்று அவர் சொல்லும்போது வகுப்பே சிரித்து உருளும்.

"இது புது வீட்டுக்குத்தான்" என்றார் சூப்பர்வைசர்.

"அது எப்படிங்க?" என்றாள் மனைவி. "ஒரு வீட்டுலேர்ந்து இன்னொரு வீட்டுக்கு வந்தும் தொடாத சாமான், பிரிக்காத பெட்டி எல்லாம் குப்பைன்னு சொன்னது யாரு? அந்தச் சட்டத்துலதானே என் கண்ணாடி மேஜை போச்சு? பாப்பாவோட சைக்கிள் போச்சு?"

கண்ணாடி மேஜையை அவள் நேற்று ஒரு வார்த்தை பேசாமல் கொடுத்துவிட்டாள். மகள் சைக்கிளைக் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே கொடுத்தாள். அந்த வீட்டில் துறவு என்பது சத்தமில்லாமல் இரண்டு தடவை நடந்து முடிந்திருந்தது. சத்தத்தோடு நடக்கவேண்டியதுதான் பாக்கி.

"இது வேற. இது என் பெட்டி."

"உங்க பெட்டிதான், யாரு இல்லைன்னா? பாப்பா ஒண்ணாங்கிளாஸ் படிக்கறப்போ வீடு மாத்தினோமே, அப்ப கம்பெனி லாரியில வந்தது. மூணு வீடு பாத்துடுச்சு. ஒட்டின டேப் ஒட்டினபடியே இருக்கு. உள்ள என்னங்க இருக்கு?"

சூப்பர்வைசர் குனிந்து பெட்டியைப் பார்த்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை.

பழுப்பு நிறப் பெட்டி. பச்சை டேப். பக்கவாட்டில் ஏதோ சீட்டு உரிந்துபோன சதுரத் தழும்பு. பதினோரு கிலோ, கையால் தூக்கியே எடை சொல்கிற தொழில்காரர் அவர். அசைத்தால் உள்ளே 'டொக்' என்று ஏதோ ஒன்று இடம் மாறும். அதன்மேல் உட்கார்ந்து ஷூ மாட்டியிருக்கிறார், நகம் வெட்டியிருக்கிறார், பேப்பர் படித்திருக்கிறார். வீட்டில் பீரோ மனைவியுடையது, மேஜை மகளுடையது, டிவி இருவருடையது. யாரும் உரிமை கேட்காத ஒரே பொருள் இந்தப் பெட்டி. ஆகவே அது அவருடையது. திறந்து பார்க்காமலே இத்தனை வருஷம் வைத்திருக்கிறோம் என்பதில் அவருக்கு ஒரு தனிப் பெருமை. எத்தனை பேரால் முடியும்?

"உள்ள என்ன இருக்குங்கறது முக்கியமில்ல" என்றார்.

"அப்ப வெளிய போனாலும் முக்கியமில்லதானே?" என்றாள் மனைவி.

லோடுமேன்கள் இருவரும் கூரையைப் பார்த்தார்கள். டிரைவர் மீசையைத் தடவுகிற சாக்கில் வாயை மறைத்துக்கொண்டார். மகள், பிறந்ததிலிருந்து முதல் தடவையாகக் கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

சூப்பர்வைசர் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "தூக்குங்கடா" என்றார். "மூணு நாள் ரூமுக்குக் கொண்டுபோங்க. தொறந்து பாக்கக் கூடாது. பாத்தா அதுவும் ஒரு பற்று."

"அண்ணே!" என்று டிரைவர் நிஜமாகவே கையெடுத்துக் கும்பிட்டார். "சாமியார்னா சாமியார்ணே நீங்க!"

பெட்டி வாசலைத் தாண்டிப் போவதை அவர் நிமிர்ந்த மார்போடு பார்த்தார். மணி பத்து. அந்தப் பெருமிதம் பத்தே கால் வரைக்கும் நன்றாகவே இருந்தது.

புது வீட்டில் அவர் முதலில் செய்த காரியம், ஷூவைக் கழற்ற உட்கார இடம் தேடியது. நாற்காலிகள் இருந்தன. ஒன்று உயரம், ஒன்று தாழ்வு. நின்றுகொண்டே ஒரு ஷூவைக் கழற்றினார். பிறகு ஜன்னல் பக்கம் போனார், திரும்பினார், மறுபடி ஜன்னல் பக்கம் போனார்.

'டொக்' என்று உருண்டதே, அது என்ன? அப்பாவின் கைக்கடிகாரமா? அது எப்போது கடைசியாகக் கண்ணில் பட்டது? பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தில் வாங்கிய கப்? வாங்கினோமா, இல்லை, வாங்கினவனோடு போட்டோதான் எடுத்துக்கொண்டோமா? பத்தரை மணிக்கு அந்தப் பெட்டியில் அவருடைய வாழ்க்கையின் முக்கியமான சாமான்கள் எல்லாம் இருந்தன. பதினொன்றுக்கு, முக்கியமில்லாதவையும் சேர்ந்துகொண்டன.

குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கிடங்கம்மாவுக்குப் போன் செய்தார்.

கிடங்கம்மாதான் மூன்று நாள் அறைக்கு அதிகாரி. எட்டாம் வகுப்புப் படிப்பு, எஃகுச் சுபாவம். சூப்பர்வைசர் எழுதிய விதிகளை அவர்கூட மறந்துவிடுவார். அந்த அம்மாள் மறந்ததில்லை.

"ஏம்மா, காலையில பச்சை டேப் ஒட்டின பெட்டி ஒண்ணு வந்துச்சே, அதைக் கொஞ்சம் தனியா எடுத்து வை."

"எதுக்குண்ணே?"

நமக்கு வேண்டும் என்று எப்படிச் சொல்வது? "அது... ஒரு வாடிக்கையாளரோட பெட்டி போலிருக்கு. தவறி வந்துடுச்சு."

"அய்யய்யோ. வாடிக்கையாளர் பெட்டியா? அப்ப அதை நம்ம ஆளுங்க யாருக்கும் தரக் கூடாதேண்ணே. உங்க சட்டம். சிவப்புச் சீட்டு ஒட்டி முன் ஷெல்ஃபுல வெச்சுடறேன். அவங்களே வந்து வாங்கிக்கட்டும்."

"இல்லம்மா, நான் என்ன சொல்றேன்னா..."

"ஒட்டிட்டேன்ணே. அப்புறம், இன்னிக்கி ஒண்ணாந்தேதி. சாவியம்மா வந்திருக்காங்க. பெட்டி வந்துச்சான்னு கேக்கறாங்க."

"வரலைன்னு சொல்லு. தண்ணி குடு."

ஆக, காலையில் அவர் பெட்டியாக இருந்தது, பதினோரு மணிக்கு ஊரார் பெட்டியாகிவிட்டது. இனி ஒரு வாடிக்கையாளர் வேண்டும். மைத்துனனைக் கூப்பிட்டார். மைத்துனன் எந்த வேலைக்கும் போகாதவன். அதனால் எந்த வேலைக்கும் கிடைப்பான்.

"வாடிக்கையாளர் மாதிரிப் போ. பெட்டி என்னோடதுன்னு சொல்லு. வாங்கிட்டு வா. உங்க அக்காவுக்குத் தெரிய வேண்டாம்."

"உள்ள என்ன மாமா இருக்கு? கேட்டா சொல்லணுமில்ல?"

"துணின்னு சொல்லு."

பன்னிரண்டு மணிக்கு மைத்துனனிடமிருந்து போன் வந்தது.

"மாமா, துணின்னு சொன்னேன். இந்தம்மா பெட்டியை ஆட்டறாங்க. டொக்குங்குது. துணி டொக்குங்குமான்னு கேக்கறாங்க."

"புத்தகம்னு சொல்லு!"

"அதையும் சொல்லிட்டேன். புத்தகம் உருளுமாங்கறாங்க. உருளற மாதிரி உங்ககிட்ட என்ன மாமா இருந்துச்சு?"

"டேய், எனக்குத் தெரிஞ்சா நான் ஏன்டா உன்னை அனுப்பறேன்? கடிகாரம்னு சொல்லு! கப்புன்னு சொல்லு! எதையாவது சொல்லி வாங்கிட்டு வாடா!"

மறுமுனையில் பெட்டி மேஜைமேல் இறங்கியது, டொக். பிறகு வேறொரு குரல் கேட்டது.

"அண்ணே, நீங்களா? போன் ஸ்பீக்கர்ல இருக்குண்ணே."

சூப்பர்வைசர் குளியலறைச் சுவரில் சாய்ந்தார். அவருக்கு உதித்த யோசனை, அவரைப் போன்றவர்களுக்கு மட்டுமே அந்த நேரத்தில் உதிக்கக்கூடியது.

"சபாஷ்மா!" என்றார். "பரீட்சை! உன்னைப் பரீட்சை பண்ணத்தான் ஆள் அனுப்பினேன். என் சொந்த மச்சானே வந்தாலும் நீ தரலை பாரு. நீதான் நம்ம கம்பெனிக்குத் தூண்!"

கிடங்கம்மா இருபது வருஷ வேலையில் பாராட்டு வாங்கியதில்லை. உடனே முதலாளிக்குப் போன் செய்து, அண்ணன் தன் பெட்டியையே தூண்டிலாகப் போட்டுத் தன்னைச் சோதித்ததையும், தான் ஜெயித்ததையும் சொன்னார். அதற்குள் டிரைவர் காலைச் சம்பவத்தைக் கிடங்கு முழுக்கப் பரப்பியிருந்தார். முதலாளி இரண்டையும் சேர்த்துக் கேட்டார், உணர்ச்சிவசப்பட்டார், சூப்பர்வைசருக்குப் போன் செய்தார்.

"யோவ், என்ன மனுஷன்யா நீ! அந்தப் பெட்டியை மேடையில வெக்கச் சொல்லிட்டேன். எல்லாக் கிளை ஆளுங்களும் பாக்கட்டும். ஒரு மனுஷன் தன்கிட்ட இருந்த ஒரே பெட்டியை விட்டான்னா அது சும்மாவா?"

சும்மா இல்லை என்பது சூப்பர்வைசருக்குத் தெரியும். இரண்டு மணிக்கு அவர் கடைசி ஆயுதத்தை எடுத்தார். அதே அளவு, அதே பழுப்பு நிறத்தில் புது வீட்டுக் கூடத்தில் ஒரு பெட்டி கிடந்தது. அதைத் தோளில் ஏற்றிக்கொண்டார். கூட்டத்துக்கு முன்னால் மேடைப் பக்கம் போய், இதை வைத்துவிட்டு அதை எடுத்துக்கொண்டு வந்துவிட வேண்டியது. எந்தப் பெட்டி மேடையில் இருந்தால் என்ன? பற்றில்லாதவர்களுக்கு எல்லாப் பெட்டியும் ஒன்றுதானே?

கிடங்கு வாசலில் கால் வைத்ததும் கைதட்டல் வெடித்தது. அறுபது பேர் அரை மணி முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"பாருங்க, பாருங்க!" என்று முதலாளி எழுந்து நின்றார். "பதவி உயர்வு வாங்கற அன்னிக்குத் தானே சுமந்துட்டு வர்றாரு! என்னய்யா இது, இன்னொரு பெட்டியா? இதையும் விட்டுட்டியா?"

இல்லை என்று சொல்லத்தான் சூப்பர்வைசர் நினைத்தார். ஆனால் அறுபது பேர் கைதட்டும்போது தலை ஆமாம் என்றுதான் ஆடுகிறது. இரண்டு லோடுமேன்கள் ஓடிவந்து பெட்டியை வாங்கி, முதல் பெட்டிக்குப் பக்கத்தில் மேடையில் வைத்தார்கள். ஒன்றை மீட்கப் போனவர் இரண்டைத் துறந்து நின்றார்.

கூட்டம் தொடங்கியது. கடைசி பெஞ்சில் மாத்திரைப் பையை மடியில் வைத்துக்கொண்டு சாவியம்மா உட்கார்ந்திருந்தார். மாத்திரை மதியம்தான் வரும் என்று மருந்துக் கடையில் சொல்லிவிட்டதால் மறுபடி இந்தப் பக்கம் வந்தவரிடம், டீ கொடுக்கிறார்கள் இருங்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

முதலாளி பேசினார். இருபத்திரண்டு வருஷம், ஆயிரக்கணக்கான வீடுகள், ஒரு பெட்டியும் தொலைந்ததில்லை என்றார். "இன்னிலேர்ந்து இவர்தான் எல்லாக் கிளைக்கும் பயிற்சித் தலைவர்" என்று பொன்னாடை போர்த்தினார். சூப்பர்வைசர் கண்களை மேடைப் பெட்டியிலிருந்து பிடுங்கிக் கூட்டத்தின்மேல் நட்டார்.

"நண்பர்களே, ஒரு பொருள் போனா, போனதுதான்" என்று தொடங்கினார். "திரும்பிப் பாக்கறவன் தூக்கவே லாயக்கில்ல..." அந்த இடத்தில் லேசாகத் திரும்பிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டார்.

நாலாவது வாக்கியத்தில் வாசலில் மனைவி வந்து நின்றாள். மூச்சிரைத்தது. பின்னால் மகள்.

"ஏங்க! அடுப்படிப் பெட்டியை எங்கங்க தூக்கிட்டு வந்தீங்க? அடுப்பை மாட்டிட்டுக் கரண்டியைத் தேடறேன்!"

கூட்டம் திரும்பியது. முதலாளி மேடைப் பெட்டியைப் பார்த்தார், சூப்பர்வைசரைப் பார்த்தார்.

"அது அவங்களோடதா?"

"குடும்பத்தையும் சேர்த்துத் துறக்கற அளவுக்கு..." என்று சூப்பர்வைசர் ஆரம்பித்தார். வாக்கியம் எங்கே போகிறது என்று தெரியாததால் பாதியில் இறங்கிக்கொண்டார்.

கிடங்கம்மா ரிஜிஸ்டரை எடுத்துக்கொண்டு மேடைக்கே வந்துவிட்டார். "பொருள் வேணும்னா உள்ள என்ன இருக்குன்னு சொல்லணும்க்கா."

"நாலு கரண்டி, ஒரு இடுக்கி, மூடி அஞ்சு, அதுல ஒண்ணுக்குக் கைப்பிடி கிடையாது. உப்பு ஜாடி. தீப்பெட்டி ரெண்டு. ஜாடியை நான் பழைய பனியன்ல சுத்தி வெச்சிருக்கேன். அவரோட பனியன்."

கிடங்கம்மா பெட்டியைத் திறந்தார். பனியன் உட்பட எல்லாம் சரியாக இருந்தது. கூட்டம் பனியனுக்குக் கைதட்டியது. மனைவி பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டாள். போகத் திரும்பியவள் நின்றாள். மேடையில் பொன்னாடைக்குள் நின்ற மனிதரைப் பார்த்தாள். ஒரு காலில் ஷூ லேஸ் கட்டாமல் தொங்கியது.

"அவரோட பெட்டியையும் குடுத்துருங்கம்மா" என்றாள். "பாவம், காலையிலேர்ந்து மனுஷன் ஒரு இடத்துல உக்காரல. குளிக்கற ரூம்ல போயி நின்னுக்கிட்டுப் போன் பேசறாரு."

அறுபது பேரும் சாமியாரைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்தார். பிறகு, இனி இழக்க ஒன்றுமில்லை என்கிற நிலையில் சிலருக்கு வருகிற கம்பீரம் அவருக்கும் வந்தது. பொன்னாடையைக் கழற்றி மடித்து நாற்காலியில் வைத்தார். நேராக ரிஜிஸ்டரிடம் போனார்.

"எழுதும்மா. எனக்கு என் பெட்டி வேணும்."

கிடங்கம்மா கடிகாரத்தைப் பார்த்தார். "உள்ள வந்தது பத்தரை. இப்ப மூணு அம்பது. அஞ்சு மணி நேரம் இருபது நிமிஷம்." பழைய பக்கத்தைப் புரட்டினார். "பல் டாக்டர் ஆறு பத்துண்ணே. நீங்க தாண்டிட்டீங்க."

கிடங்கே அதிர்ந்தது. டிரைவர் லோடுமேனின் தோளில் விழுந்து சிரித்தார். மகள் சிரித்தாள். கடைசியில் முதலாளியும் சிரித்து, "விடுய்யா, சாதனை சாதனைதானே!" என்று முதுகில் தட்டினார். "பற்று என்னன்னு தெரிஞ்சவன்தான் பாடம் எடுக்கணும். பதவி உனக்குத்தான், போ."

சூப்பர்வைசருக்கு உடம்பெல்லாம் லேசானது. மோசமானது முடிந்துவிட்டது. இதுவும் ஒரு பெருமைதானே? அவமானத்தைக்கூட நிமிர்ந்து நின்று வாங்கிக்கொண்டவன்! நாளைய வகுப்பில் இதையே முதல் கதையாக வைத்துக்கொள்ளலாம்.

"மூணாவது கட்டம்ணே" என்றார் கிடங்கம்மா. "உள்ள என்ன இருக்கு?"

"அதைத் தொறந்தே பாத்துடு. எனக்கே மறந்து போச்சு. மூணு வீடாக் கூடவே வருதும்மா, என் பொருள்தான்."

கிடங்கம்மா பெட்டியை மேஜைக்கு இழுத்தார். "மேல நடுவுல அமுங்கிப் போயிருக்கு" என்று முனகிக்கொண்டே கத்தியை வைத்தார். வெட்டத் தேவையிருக்கவில்லை. பச்சை டேப் காய்ந்துபோய்த் தொட்டவுடன் உரிந்து வந்தது. மேலே மடித்த துண்டுத் துணிகள், நூல் கண்டுகள், அளவெடுக்கிற ஓர் இஞ்ச் டேப். கையை அடியில் விட்டுத் துழாவினார். டொக் என்றது. வெளியே எடுத்தார். உள்ளங்கை அகலத்துக்குப் பித்தளை.

"பூட்டு" என்றார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பெரிய பூட்டா இருக்கு. சாவி காணோம்."

சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் சட்டென்று அடங்கியது. ஏன் அடங்கியது என்று யோசிக்கச் சூப்பர்வைசருக்கு நேரமில்லை. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"பூட்டு! அதேதான்! என் பூட்டுதான்மா, இப்ப ஞாபகம் வந்துடுச்சு!" என்று இரண்டு கையையும் நீட்டினார். "சாவிக்கென்ன, வீட்ல எங்கயாவது கிடக்கும்."

கடைசி பெஞ்சில் கைப்பை திறக்கும் சத்தம் கேட்டது.

"வீட்ல தேட வேண்டாம் தம்பி" என்றார் சாவியம்மா. "சாவி என்கிட்ட இருக்கு."